சுவரில் யாரை வரைவது: நைமா, தலகாட்ஸேயா, மீராபாயா?

கொருக்குப்பேட்டையில் எங்கள் பளுதூக்கும் கூடத்தின் பக்கச் சுவரைப் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. உயரம் பத்தடி இருக்கிறது, அகலம்தான் இல்லை. ஜன்னலுக்கும் பிளேட் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆளைத்தான் வரைய முடியும். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதும் ஓவியர் ஒருவர், பெயிண்ட் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். யாரை வரைவது என்பதில்தான் கூடம் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு துருக்கியின் நைம் சுலேய்மானோலு என்கிறார். பெரிய பையன்கள் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே என்கிறார்கள். காலை வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு மீராபாய் சானு. இதற்கு நடுவில் சோவியத்தின் அலெக்ஸேயெவ், சீனாவின் லூ ஷியாவ்ஜுன், கர்ணம் மல்லேஸ்வரி, ஹிடிலின் டியாஸ் என்று ஆளுக்கொரு பெயர். ஒவ்வொருவர் பக்கமும் இருக்கும் நியாயத்தை எழுதி, என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்.

குத்துச்சண்டைக் கூடங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1980இல் முகமது அலி மெட்ராசுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். வட சென்னையில் குத்துச்சண்டை என்றாலே இன்றைக்கும் அவர் முகம்தான். பளுதூக்குதலில் அப்படி எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஏற்கும் முகம் கிடையாது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தின் படம் வாசலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு தூக்கலில் 149ம் 179ம் தூக்கித் தங்கம், 2018 கோல்ட் கோஸ்ட்டில் மறுபடி தங்கம். அவருக்கு அந்த இடம் நிரந்தரம். இந்தச் சுவர் ஒலிம்பிக் மேடையில் பதக்கம் வாங்கியவருக்கு என்று முதலிலேயே பேசி வைத்ததால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பையன்கள் கிலோவை வைத்துப் பேசுகிறார்கள். தலகாட்ஸே 492, அலெக்ஸேயெவ் 440, அதனால் தலகாட்ஸே பெரியவர். விஷயம் முடிந்தது என்கிறார்கள். அவ்வளவு சுலபமாக முடியாது. 1972 மியூனிக் வரை ஒலிம்பிக்கில் மூன்று தூக்கல்கள் இருந்தன: பிரஸ், ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, அங்கிருந்து ஜெர்க்கில் தலைக்கு மேல்). பிரஸ்ஸில் தோளிலிருந்து கையின் பலத்தால் மட்டுமே மேலே தள்ள வேண்டும். காலப்போக்கில் வீரர்கள் முதுகைப் பின்னால் வில்லாக வளைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். எது சரி எது தப்பு என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, இடுப்புக்கும் ஆபத்து. மியூனிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மற்ற இரண்டையும் கூட்டியதுதான் மொத்தம். அந்த மியூனிக்கில் அலெக்ஸேயெவ் தூக்கிய மொத்தம் 640. அதைத் தலகாட்ஸேயின் 492க்குப் பக்கத்தில் எழுதினால், பழைய படிக் கணக்கையும் இன்றைய கிலோக் கணக்கையும் ஒரே நோட்டில் கூட்டிய மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் எடைப் பிரிவுகள். 1993இல் மாற்றினார்கள், 1998இல் மாற்றினார்கள், 2018இல் மறுபடி மாற்றினார்கள். மாற்றும்போதெல்லாம் பழைய உலக சாதனைகளை ஓரங்கட்டிவிட்டுப் புதுக் கணக்கு தொடங்கினார்கள். 1988இல் சோவியத் வீரர் லியோனித் தாரனென்கோ கிளீன் அண்ட் ஜெர்க்கில் 266 கிலோ தூக்கினார். புத்தகத்தில் அது இல்லாமல் போனாலும், அதற்கு மேல் ஒருவர் தூக்க 33 வருஷம் ஆயிற்று. 2021 டிசம்பரில் தாஷ்கண்டில் தலகாட்ஸே 267 தூக்கியபோதுதான் அது உண்மையிலேயே தாண்டப்பட்டது. இதையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய சாதனைப் பட்டியலை மட்டும் பார்த்தால், 1980களில் அந்த உயரம் ஏற்கெனவே எட்டப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும்.

சரி, கிலோ வேண்டாம், உடல் எடைக்கு எத்தனை மடங்கு என்று பார்க்கலாமா? அதிலும் சிக்கல். உடல் கூடக் கூட பலம் அதே விகிதத்தில் கூடாது. அதனால் மடங்குக் கணக்கு எப்போதும் சின்ன உடம்புக்காரர்களுக்கே சாதகமாக இருக்கும். இதைச் சரிக்கட்டத்தான் சின்கிளேர் சூத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு எடைக்கும் ஒரு குணகம். மொத்தத்தை அதால் பெருக்கினால், இவரே ஆகப்பெரிய உடம்போடு இருந்திருந்தால் எவ்வளவு தூக்கியிருப்பார் என்று ஒரு மதிப்பு வரும். நல்ல கருவிதான். ஆனால் அதன் எண்களையும் ஒலிம்பிக் சுற்றுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள்.

எனக்குப் பிடித்த அளவுகோல் இன்னும் எளிமையானது: ஒருவர் தன் பிரிவில் தூக்கியது, அதே ஒலிம்பிக்கில் அடுத்த பெரிய பிரிவின் தங்கத்தை வென்றிருக்குமா? ஒரே ஊர், ஒரே கம்பி, ஒரே விதி, ஒரே சோதனை. காலத்தின் வித்தியாசம் அப்படியே கழிந்துவிடுகிறது.

1936 பெர்லின். எகிப்தின் காதர் எல் தூனி 75 கிலோ பிரிவில் 387.5 தூக்கினார். இரண்டாம் இடம் பிடித்த ஜெர்மானியர் 352.5, அவருக்கும் இவருக்கும் 35 கிலோ இடைவெளி. அடுத்த பெரிய பிரிவில் தங்கம் வென்ற பிரெஞ்சுக்காரர் லுயி ஓஸ்தன் தூக்கியது 372.5தான். சின்ன உடம்புக்காரர் பெரிய உடம்புக்காரரை 15 கிலோவால் தாண்டியிருக்கிறார். இந்தப் பெயரை எங்கள் கூடத்தில் ஒரு பிள்ளைகூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அடுத்து 1988 சியோல், நைம். 60 கிலோ பிரிவு. ஸ்நாட்ச் 152.5, கிளீன் அண்ட் ஜெர்க் 190, மொத்தம் 342.5. வெள்ளி வாங்கிய ஸ்டெஃபான் தோபுரோவ் 312.5. இந்தத் தோபுரோவ் சாமானியர் இல்லை. தன் உடல் எடையைப் போல் மூன்று மடங்கைத் தலைக்கு மேல் தூக்கிய முதல் மனிதர் அவர்தான். அவரை 30 கிலோ பின்னால் விட்டார் நைம். அடுத்த பிரிவான 67.5 கிலோவில் கடைசியில் தங்கம் போய்ச் சேர்ந்த கிழக்கு ஜெர்மனியின் யோகிம் குன்ஸ் தூக்கியது 340. நைம் அங்கே போயிருந்தாலும் தங்கம்தான்.

நம் காலத்தில் இதற்குப் பக்கத்தில் வந்தவர் பல்கேரியாவின் கார்லோஸ் நாசர். 2024 பாரிசில், இருபதே வயதில், 89 கிலோ பிரிவில் 404. அங்கே அடுத்த பிரிவு 102 கிலோ, அதன் தங்கம் 406. இரண்டே கிலோ குறைவு. ஆனால் 60க்கும் 67.5க்கும் நடுவில் இருந்த இடைவெளி ஏழரை கிலோ, 89க்கும் 102க்கும் நடுவில் 13 கிலோ. அதையும் சேர்த்துப் பார்த்தால் நாசர் செய்தது நைம் செய்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்து இதே சுவரை மறுபடி அடிக்க வேண்டி வந்தால் நாசர் பெயரும் பேச்சில் வரும் என்று நினைக்கிறேன்.

தலகாட்ஸேக்கும் அலெக்ஸேயெவுக்கும் மேலே பிரிவே இல்லை. அவர்களை இரண்டாம் இடக்காரரோடு உள்ள தூரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1976 மாண்ட்ரியலில் அலெக்ஸேயெவ் 440, வெள்ளி 405. டோக்கியோவில் தலகாட்ஸே 223ம் 265ம் சேர்த்து 488, வெள்ளி 441. முன்னவருக்கு 35 கிலோ தூரம், பின்னவருக்கு 47. இந்த இருவரில் பெரியவர் யார் என்று கேட்டால் பையன்கள் சொல்வதுதான் சரி. பழையதெல்லாம் பொன் என்று பேசும் பெரியவர்களோடு இந்த இடத்தில் நான் சேர மாட்டேன். அதற்காக அலெக்ஸேயெவ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1970க்கும் 1977க்கும் நடுவில் 80 உலக சாதனைகள், மூன்று தூக்கலில் 600 கிலோவை முதலில் தொட்டவர், தனக்குத் தானே பயிற்சித் திட்டம் போட்டுக்கொண்ட சுரங்கப் பொறியாளர். 1980இல் சொந்த நாட்டில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்நாட்ச்சை 180இல் ஆரம்பித்து மூன்று முயற்சியும் தவறி வெளியேறினார். முதல் தூக்கலை எங்கே ஆரம்பிப்பது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது மாஸ்டர் எப்போதும் இந்தக் கதையைச் சொல்வார்.

ஆக, தூக்கலை மட்டும் வைத்து, எல்லாக் காலத்திலும் பெரியவர் யார் என்று என்னிடம் கேட்டால் நைம் என்றுதான் சொல்வேன். மாஸ்டரோடு எனக்கு இதில் கருத்து வேறுபாடு கிடையாது. 147 சென்டிமீட்டர் உயர மனிதர். பல்கேரியாவில் துருக்கியச் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். அரசாங்கம் அவர் பெயரையே பல்கேரியப் பெயராக மாற்றியது. 1986இல் மெல்பர்னில் உலகக் கோப்பைப் போட்டிக்குப் போன இடத்தில் அணியை விட்டு வெளியேறி துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார். சியோல், பார்சிலோனா, அட்லாண்டா என்று மூன்று தங்கம். அட்லாண்டாவில் கிரேக்கத்தின் வலேரியோஸ் லியோனிடிசோடு நடந்த மோதலை நேரம் கிடைக்கும்போது தேடிப் பாருங்கள். நைம் 185 தூக்கி உலக சாதனை. அடுத்து லியோனிடிஸ் 187.5, அதுவும் உலக சாதனை. நைம் திரும்ப வந்து அதே 187.5ஐத் தூக்கினார். லியோனிடிஸ் கடைசியாக 190 கேட்டார், வரவில்லை. 335க்கு 332.5. பளுதூக்குதலை ஒருவருக்குப் பிடிக்க வைக்க வேண்டுமானால் நான் காட்டுவது இந்தப் போட்டியைத்தான்.

ஆனால் சுவரில் யாரை வரைவது என்பதும் யார் பெரியவர் என்பதும் ஒரே கேள்வி இல்லை. எங்கள் விவாதம் முட்டிக்கொண்டு நின்றதே இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான். சுவரில் இருப்பவரைப் பார்த்துத்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கம்பிக்கு முன்னால் நிற்கப்போகிறது. அவரைப் போலவே நிற்கப் பார்க்கும், அவர் எப்படி வளர்ந்தார் என்று கேட்கும், அவர் மேல் ஏதாவது கறை இருந்தால் அதையும் ஒரு நாள் தெரிந்துகொள்ளும்.

கறையைப் பற்றிப் பேசாமல் பளுதூக்குதலைப் பற்றிப் பேச முடியாது. நைம் தூக்கிய அதே சியோலில் இரண்டு பல்கேரியத் தங்கங்கள் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோயின, அந்த அணியே பாதியில் வெளியேறியது. நைம் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சோதனை இன்றைய சோதனை இல்லை. எவ்வளவு வேறுபாடு என்பதற்கு லண்டன் 2012இன் ஆண்கள் 94 கிலோ பிரிவைவிட நல்ல சாட்சி கிடையாது. சேமித்து வைத்த மாதிரிகளைப் பின்னாளில் புது முறையில் சோதித்தார்கள். தங்கம் வென்ற கஜகஸ்தானின் இல்யா இல்யின் போனார். அவருடைய பெய்ஜிங் 2008 தங்கமும் சேர்ந்தே போயிற்று. அவருக்குக் கீழே வரிசையாகப் போனார்கள். கடைசியில் ஐந்தாவதாக வந்த ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கம், எட்டாவதாக வந்தவருக்கு வெள்ளி, ஒன்பதாவதாக வந்தவருக்கு வெண்கலம். மேடையில் ஏறி நின்ற ஒருவரிடமும் பதக்கம் மிஞ்சவில்லை. அன்று இல்யினைச் சுவரில் வரைந்திருந்த கூடங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தலகாட்ஸேயும் 2013இல் ஸ்டனசோலால் என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதற்காக இரண்டு வருஷத் தடை அனுபவித்தவர். தடை முடிந்து திரும்பி வந்து ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று தங்கம் வென்றார், அதன் பிறகு எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. தண்டனை முடிந்த ஒருவரைத் திரும்பத் திரும்பக் குத்திக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் சுற்றுவட்டார ஜிம்களில் ஊசியும் மாத்திரையும் எவ்வளவு சுலபமாகக் கைமாறுகின்றன என்பதைத் தெரிந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியோடு வரும் ஒரு முகத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் பத்தடி உயரத்துக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 170 கிலோவைத் தாண்டிய உடம்பு அவருக்கு. அவர் நிற்கும் விதமும் கம்பியை வாங்கும் விதமும் அந்த உடம்புக்கு ஏற்றவை. நாற்பத்தைந்து கிலோப் பையன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

நிற்கும் அழகுக்கு என்றால் லூ ஷியாவ்ஜுன். கம்பி அவர் உடம்பை ஒட்டி நேர்கோட்டில் ஏறுவதைப் பார்த்தால் எடையே இல்லாத மாதிரி தோன்றும். டோக்கியோவில் 37 வயதில் 81 கிலோ பிரிவில் 374 தூக்கித் தங்கம் வென்றார். ஆனால் ஜெர்க்கில் அவர் கால்களை முன்னும் பின்னும் பிரிக்காமல், அப்படியே குந்தி உட்கார்ந்து கம்பியைத் தலைக்கு மேல் வாங்குவார். தோளும் கணுக்காலும் நன்றாக வளைந்து கொடுக்கிறவர்களுக்குத்தான் அது சரிப்படும். எங்கள் பையன்கள் அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைச் செய்யப் போய், கம்பி பின்னால் சரிந்து, மாஸ்டர் பதறியடித்து ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதோடு 2022இல் எடுத்த மாதிரியில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததாக அவர் மேல் தற்காலிகத் தடையும் வந்தது. அவர் பெயரை அதோடு எடுத்துவிட்டோம்.

நைம் காலத்துச் சோதனையை நம்பி அவரையும் சுவரில் ஏற்ற முடியாது என்றால், மிஞ்சியது மூன்று பெண்கள். கூடத்தில் யாரும் திட்டமிட்டு இப்படிக் கொண்டுவரவில்லை, தானாகவே இங்கே வந்து நின்றது.

கர்ணம் மல்லேஸ்வரி, 2000 சிட்னி. பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட வருஷம். ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பெண், 69 கிலோ பிரிவு, 110ம் 130ம் சேர்த்து 240. வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். தங்கம் 242.5, வெள்ளியும் 242.5. கடைசி முயற்சிக்கு அவர் கம்பியில் போடச் சொன்னது 137.5. முந்தைய தூக்கலைவிட ஏழரை கிலோ அதிகம். வந்திருந்தால் மொத்தம் 247.5. வரவில்லை. அந்த முடிவு சரியா தப்பா என்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பெண்களுக்கு முதன்முதலாக மேடை திறந்த அன்றே, வெண்கலத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு இறங்காமல் தங்கத்தைக் கேட்ட அந்தத் துணிச்சலுக்காக மட்டுமே அவரை வரையலாம். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இதுதான் என்பதை மறைக்க மாட்டேன்.

ஹிடிலின் டியாஸ், பிலிப்பைன்ஸ். அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டியவர். பெய்ஜிங்கில் 17 வயதில் கலந்துகொண்டார். லண்டனில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தவறி, கணக்கிலேயே இல்லாமல் போனார். ரியோவில் வெள்ளி. டோக்கியோவுக்கு முன்னால் கொரோனாவில் மலேசியாவில் மாட்டிக்கொண்டு, கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்ததால், மூங்கில் கழியின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய பெரிய கேன்களை மாட்டித் தூக்கிப் பழகினார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிப் பழகிய நம்ம ஏரியாப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. டோக்கியோ 55 கிலோ பிரிவில் அவரும் சீனாவின் லியாவ் சியூயூனும் ஸ்நாட்ச்சில் ஆளுக்கு 97. லியாவ் 126 தூக்கி முடித்துவிட்டார். டியாஸ் கடைசி முயற்சியில் 127 கேட்டு, தூக்கி, 224க்கு 223 என்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். ஒரு கிலோ! ஒரு கிலோ வித்தியாசத்துக்கெல்லாம் போட்டி வைக்க முடிகிறதே 2005க்குப் பிறகுதான்; அதற்கு முன் கம்பியில் இரண்டரை கிலோவாகத்தான் ஏற்ற வேண்டும். காலம் மாறியதில் வந்த நல்ல மாற்றங்களில் இதுவும் ஒன்று.

மீராபாய் சானு. மணிப்பூர் மலையடிவாரக் கிராமத்தில் விறகுக் கட்டு சுமந்து வளர்ந்தவர். பயிற்சிக்கு மணல் லாரிகளில் இடம் கேட்டு ஏறிப் போனவர். ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் தவறியது. அடுத்த வருஷமே அனாஹெய்மில் 194 தூக்கி உலக சாம்பியன். 2021 ஏப்ரலில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119, உலக சாதனை. டோக்கியோவில் 87ம் 115ம் சேர்த்து 202, வெள்ளி. பாரிசில் 199, நான்காம் இடம். வெண்கலத்துக்கு ஒரே ஒரு கிலோ குறைந்தது. 2025 உலகப் போட்டியில், 31 வயதில், 48 கிலோ பிரிவில் மறுபடி வெள்ளி. அங்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் டோக்கியோவில் தூக்கிய அதே 115.

என் அடுத்த பிரிவு அளவுகோலில் மீராபாய் தேறமாட்டார். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டோக்கியோவில் 49 கிலோ பிரிவின் தங்கத்துக்கே அவர் எட்டு கிலோ பின்னால்தான் இருந்தார். 55 கிலோ பிரிவின் 224 எங்கேயோ இருக்கிறது. வலது தோள் பல வருஷமாகத் தொல்லை கொடுப்பதால் ஸ்நாட்ச்சும் ஏறவில்லை. நைமோடு வைத்துப் பேச முடியாது. டியாசிடம் தங்கம் இருக்கிறது, இவரிடம் இல்லை.

அப்படியும் என் ஓட்டு மீராபாய்க்குத்தான். முதலில், அவர் தூக்கியதெல்லாம் சோதனை ஆகக் கடுமையான காலத்தில், போட்டி இல்லாத நாட்களிலும் வீட்டுக் கதவைத் தட்டி மாதிரி எடுக்கும் காலத்தில் நடந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கறையும் இல்லை. இரண்டாவது, அவருக்கு வாழ்வு கொடுத்த பாதை எங்கள் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் பாதை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சதீஷ் சிவலிங்கமும் தெற்கு ரயில்வேதான். பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை கேட்டைத் தாண்டிப் போகும்போது எங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பா மனதில் ஓடுவது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஒன்றுதான். பொண்ணு எதுக்குங்க வெயிட் தூக்கணும் என்று வந்து நிற்கும் ஒரு அம்மாவிடம் மணிலாவைக் காட்டிப் பதில் சொல்வது கஷ்டம். இந்த அக்கா ரயில்வேயில் இருந்தாங்க, இப்ப மணிப்பூர் போலீஸ்ல பெரிய அதிகாரி என்று சொன்னால் அந்த அம்மா உட்கார்ந்து கேட்பார். டியாசைவிட மீராபாய் எனக்கு மேலே தெரிவது இந்த இடத்தில்தான்.

மல்லேஸ்வரியா மீராபாயா என்பதில் தான் நான் தடுமாறினேன். மல்லேஸ்வரிதான் வழி திறந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு முயற்சி தவறிய பிறகு என்ன செய்வது என்பதே எங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்கு நாளும் வரும் கேள்வி. மாவட்டப் போட்டியில் மூன்றும் தவறிய பிள்ளை அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவதுதான் நாங்கள் பார்க்கும் பெரிய இழப்பு. அடிபட்டு நிற்பவர்கள்கூட அவ்வளவு பேர் இல்லை. ரியோவில் உலகமே பார்க்க மூன்றும் தவறி, ஒரு வருஷத்தில் உலகப் பட்டம் வாங்கி, ஐந்து வருஷத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒருவரைக் கை நீட்டிக் காட்ட முடிவது எங்களுக்கு வேலைக்கு ஆகும் விஷயம்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ வகுப்பில் சியோலும் அட்லாண்டாவும் நைம் பெயரில் தொடர்ந்து ஓட வேண்டும் என்றார். அதில் எனக்கு முழுச் சம்மதம். எல் தூனியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். படம் அதிகம் கிடைக்காவிட்டாலும் அந்த 387.5ஐ கரும்பலகையிலாவது எழுதிப் போடலாம்.

ஓவியருக்கு ஒரு வேண்டுகோள். பதக்கத்தைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் படம் வேண்டாம். அது எல்லா இடத்திலும் இருக்கிறது. டோக்கியோவில் 115 கிலோ தலைக்கு மேல் நின்ற நொடியை வரையுங்கள். முன்காலின் கீழ்ப்பகுதி நேர்க்குத்தாக இருக்க வேண்டும். பின்காலின் முட்டி லேசாக மடங்கி, குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். கம்பி முகத்துக்கு முன்னால் வரக்கூடாது, பின்கழுத்துக்கு நேர் மேலே வர வேண்டும். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் நிற்பார்கள் என்பதால் இந்த மூன்றிலும் ஓர் அங்குலம்கூட தவறக்கூடாது. காதில் ஒலிம்பிக் வளையம் போன்ற தோடு. அம்மா தன் நகையை விற்றுச் செய்து கொடுத்தது. அதையும் விட்டுவிடாதீர்கள். முழங்கை இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் மடங்கினாலும் நடுவர் சிவப்பு விளக்கு போட்டுவிடுவார். பென்சில் கோட்டை மாஸ்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகு பெயிண்ட்டைத் திறக்கலாம்.